ஏகாம்பரம் அண்ணனுக்கு வந்தது நல்ல சாவு இல்லை

விடியற்காலைத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. மறுமுனையில் முருகன், டிரைவர் ஏகாம்பரத்தின் ஒரே மகன். "பாய் மாமா, அப்பா போயிட்டாரு" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். "கஷ்டப்படலை மாமா. தூக்கத்துலயே போயிட்டாரு. நல்ல சாவு." அப்பாவின் உடம்பில் சூடு ஆறியிருக்காது. அதற்குள் அந்த வார்த்தையை அவன் வாயில் யார் வைத்தார்களோ தெரியவில்லை. கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணத்துக்குப் பஸ் ஏறினேன். ஜன்னலோர சீட் காலியாக இருந்தும் உட்காரப் பிடிக்காமல், கண்டக்டராக இருந்த காலத்தைப் போலக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனேன்.

உப்பளத்தை ஒட்டிய அந்தத் தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். "கொடுத்து வெச்ச மனுஷன்." "படுத்த படுக்கையா கிடக்காம போயிட்டாரு பாருங்க." "எழுபது தாண்டியாச்சு, இனிமே என்ன?" சொல்லிவிட்டு டீயை வாங்கிக் குடித்தார்கள். ஒருவர் என் தோளைத் தட்டி, நமக்கும் இப்படி ஒரு சாவு வரட்டும் பாய் என்று துஆ கேட்பதுபோல் வானத்தைப் பார்த்தார். எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே பெரும்பாடாக இருந்தது.

எங்கள் டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாட்களுக்காகச் சொல்கிறேன். ஒரு விசில் என்றால் வண்டியை நிறுத்து, இரண்டு விசில் என்றால் கிளம்பு. ஒரு டிரைவர் இறந்துபோனால், பாடையைத் தூக்கும்போது அவரோடு நெடுங்காலம் ஓடிய கண்டக்டர் டபுள் விசில் கொடுப்பார். கடைசி ட்ரிப்புக்கு வழியனுப்புவது. ஏகாம்பரம் அண்ணனோடு அதிக காலம் ஓடியவன் நான். பழைய விசிலைச் சட்டைப் பையில் எடுத்துப் போயிருந்தேன். பாடையைத் தூக்கினார்கள். பறை நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விசிலை வாயில் வைத்தேன். ஊதவில்லை. "ஊதுங்க பாய்" என்று யாரோ சொன்னார்கள். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். பாவம், துக்கத்தில் மூச்சு வரவில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். மூச்சு நன்றாகவே இருந்தது. எனக்குக் கோபம். அன்று அது எதன்மேல் என்று எனக்கே பிடிபடவில்லை. இப்போது பிடிபட்டிருக்கிறது. அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் அதை இந்த இதழில் எழுதிச் சொல்லாவிட்டால் என் மனம் ஆறாது.

அவருடைய பஸ்ஸில் ஏறியவர்களுக்கு அவருடைய காதைப் பற்றித் தெரியும். ஒரு வைகாசி முகூர்த்த நாள். நிற்க இடமில்லாத கூட்டம். கீழ்புத்துப்பட்டு தாண்டியதும் விசில் இல்லாமலே வண்டியை ஓரம் கட்டினார். "பின்னால லெஃப்ட் சைடுல ஒரு சத்தம் வருது பாய்" என்றார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. கல்யாணக் கூட்டம் கொதித்தது. பட்டுச்சட்டை போட்ட ஒருவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "யோவ், முகூர்த்தம் தப்பிப்போச்சுன்னா நீதான் வந்து தாலி கட்டணும்" என்று கத்தினார். வண்டிக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "எனக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்குது சாமி. அதையே சமாளிக்க முடியலை." பின் சக்கரத்தில் நட்டுகள் கழன்று ஆடிக்கொண்டிருந்தன. ஒன்று எங்கேயோ விழுந்தே போயிருந்தது. முறுக்கிவிட்டுக் கையைத் துடைத்தபடி ஏறியவர் சொன்னதை நான் மறக்கவில்லை. "சத்தம் வந்தா நின்னு பாத்துடணும் பாய். நிக்கிறதுல போற நேரத்தைப் புடிச்சுக்கலாம்." அந்தக் கல்யாணம் நடந்ததா என்று தெரியாது. வண்டியில் இருந்த யாருக்கும் சிராய்ப்புகூட இல்லை என்பது மட்டும் தெரியும்.

அவர் உப்பளத்துப் பிள்ளை. அப்பா அம்மா இருவரும் பாத்தியில் உப்பு வாரியவர்கள். கோடை வந்துவிட்டால் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் இருக்கும். அதில் உப்புப் போட்ட நீராகாரம். ஒருமுறை உப்பள ஸ்டாப்பில் ஏறிய ஒரு பெண் படியிலேயே சரிந்து விழுந்தாள். காலெல்லாம் வெடிப்பு, கண் மேலே சொருகிவிட்டது. கூட்டம் ஐயோ ஐயோ என்று கூவிக்கொண்டிருக்க, அவர் இறங்கி வந்து அவள் தலையை மடியில் வைத்து அந்த நீராகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தவள், டிக்கெட்டுக்குச் சில்லறை இல்லை என்று என்னிடம் சண்டை போட ஆரம்பித்துவிட்டாள். "உப்புல வேலை செய்யறவங்களுக்கு உடம்புல உப்பு தங்காது பாய். எல்லாம் வேர்வையில வெளிய போயிடும்" என்றார். அந்தக் கரையில் அது தலைமுறையாக இருக்கும் பழக்கம். யார் மயங்கி விழுந்தாலும் முதலில் உப்புக் கஞ்சி. அந்த வெயிலில் அது பெரும்பாலும் பலித்தது. அதனாலேயே அதன்மேல் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

முதுகு வலியை அவருக்குக் கொடுத்தது வேலைதான். ஒரு பக்கம் இன்ஜின் சூடு, அடியில் பஞ்சு செத்துப்போன சீட், ரோட்டிலுள்ள ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகெலும்புக்கு. ஓய்வு பெற்ற பிறகு ஒரு வேளைச் சோற்றை உட்கார்ந்து சாப்பிட முடியாத நிலைக்கு வந்துவிட்டார். முருகன் அவரை டவுனில் ஒரு வலி கிளினிக்குக்குக் கூட்டிப் போனான். கிளினிக்கின் பெயரை எழுதவில்லை. எழுதினால் இந்த இதழை நடத்துகிறவர்களுக்குத் தலைவலி. அங்கே டிராமடால் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். அபினிக் குடும்பத்து மருந்து, கடுமையான வலிக்குக் கொடுப்பது. ஒரு வாரத்தில் எனக்கு போன் வந்தது. "பாய், இன்னிக்கு நானே குனிஞ்சு செருப்பு மாட்டுனேன்!" ஒரு குழந்தையின் குரல் அது. நானும் சந்தோஷப்பட்டேன். வலியைப் பொறுத்துக்கொண்டு கிடந்திருக்கலாமே என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் அந்த டிரைவர் சீட்டில் ஒரு நாள் உட்கார்ந்து திண்டிவனம் வரை போய்வரட்டும், பிறகு பேசுவோம்.

ஒருமுறை நானும் அவரோடு அந்தக் கிளினிக்குக்குப் போனேன். யாரோடு போனேன் என்பதை நினைத்துப் பாருங்கள். பெருமுக்கல் கூட்டுரோட்டில் ஒரு பிரமுகரின் கார்கள் வழியை அடைத்து நின்றபோது இறங்கிப் போய், "உங்க தலைவர் எப்பவாவது வர்றவரு, இவங்க தினம் வேலைக்குப் போறவங்க. எடுங்கப்பா வண்டியை" என்று எடுக்க வைத்தவர். அந்த மனிதர் டாக்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாற்காலி காலியாக இருந்தது. டாக்டர் தலையைத் தூக்கவே இல்லை.

"வாந்தி வர்ற மாதிரியே இருக்குதுங்க."

"அதுக்கு ஒண்ணு எழுதறேன்."

"அப்பப்ப தலை கிறுகிறுன்னு வருதுங்க."

"வயசாச்சுல்ல? வெயில்ல சுத்தாதீங்க. வலி எப்படி இருக்கு?"

"முன்ன மாதிரி கேக்க மாட்டேங்குதுங்க."

"டோஸைக் கூட்டிடலாம்."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "டாக்டர், இவரு பிரஷருக்கு நீர் மாத்திரை ஒண்ணு சாப்பிடறாரு. வேற இடத்துல குடுத்தது" என்றேன். "அது வேற டிபார்ட்மென்ட்" என்றார். அடுத்த ஆளுக்கு மணி அடித்தாகிவிட்டது. வெளியே வந்ததும் அண்ணன் என்மேல்தான் பாய்ந்தார். "டாக்டர்கிட்ட எல்லாம் எதுத்துப் பேசாத பாய். கோவத்துல ஏதாவது தப்பா எழுதிட்டாருன்னா இன்னா பண்றது?" யாருக்கும் பயப்படாத மனிதரை ஒரு பேனாவுக்குப் பயப்பட வைத்திருக்கிறார்கள்.

முதல் மயக்கம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வந்தது. கையில் இருந்த கிளாஸ் விழுந்தது, அடுத்து அவர் விழுந்தார். நிமிடம் ஆகியிருக்காது, தானாகக் கண் திறந்தார். அதற்குள் பக்கத்துக் கடையிலிருந்து உப்புக் கரைத்த மோர் வந்துவிட்டது. குடித்தார், எழுந்தார். மோர்தான் எழுப்பியது என்று கடை முழுக்க ஒரே பெருமை. "உப்பு இறங்கிடுச்சு பாய், வேற ஒண்ணும் இல்ல" என்று என்னிடம் போனில் சொன்னார். இரண்டாவது முறை வீட்டில், குளித்துவிட்டு வரும்போது. மறுபடியும் தானாகத் தெளிந்தது. மறுபடியும் உப்புக் கஞ்சிக்கு நல்ல பெயர். அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு சொம்பு உப்புக் கஞ்சி குடிக்க ஆரம்பித்தார். பிரஷர் ஏறியது. பிரஷர் பார்த்த இடத்தில் கஞ்சியைப் பற்றிக் கேட்காமல் நீர் மாத்திரையைக் கூட்டினார்கள். வலி கிளினிக்கில் மயக்கத்தைச் சொன்னபோது டானிக் எழுதினார்கள். ஒரு இடத்திலும் நெஞ்சில் ஒயரை ஒட்டி ஒரு ஈசிஜி எடுத்துப் பார்க்கவில்லை. வண்டி அத்தனை சத்தம் போட்டும் எவரும் ஓரம் கட்டிக் குனிந்து பார்க்கவில்லை.

கடைசி வாரம் சளி பிடித்தது. மெடிக்கலில் போய் நின்றார். டாக்டர் சீட்டு கேட்கிற பழக்கம் அங்கே எப்போதோ போய்விட்டது. முகத்தைப் பார்த்ததும், "டிரைவர் சாருக்கு வழக்கமானதுதானே?" என்று வலி மாத்திரையை எடுத்து வைப்பார்கள். அன்று அதோடு ஆன்டிபயாடிக் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். "இதையும் போடுங்க சார், மூணு நாள்ல சளி ஓடிடும்." சளி ஓடியதா என்று தெரியாது. அந்த மாத்திரை தீர்வதற்குள் அவர் போய்விட்டார்.

சர்க்கரைக்காகப் பாண்டியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு நான் போவது வழக்கம். அங்கே ஒரு டாக்டரம்மா, தலையை நிமிர்த்திப் பேசுகிறவர். அடக்கம் முடிந்த சில நாளில் போனபோது, "என்ன பாய், பிரஷர் இப்படி எகிறியிருக்கு?" என்று கேட்டார். நண்பர் இறந்ததைச் சொன்னேன். தலைசுற்றல், மயக்கம், தூக்கத்தில் மரணம் என்று சொல்லச் சொல்ல அவர் பேனாவை மூடி வைத்தார். "என்னென்ன மாத்திரை சாப்பிட்டாரு?" பலமுறை நானே வாங்கிக் கொடுத்தவன் என்பதால் பெயர்கள் மனப்பாடம். சளி மாத்திரையின் பெயரை மட்டும் முருகனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். சொன்னேன். "ஈசிஜி எடுத்தாங்களா?" இல்லை என்றேன்.

பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "இதயம் ஒவ்வொரு துடிப்புக்கு அப்புறமும் அடுத்ததுக்குத் தயாராகக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கும். சில மருந்துங்க அந்த நேரத்தை இழுத்து நீட்டிடும். வலி மாத்திரை ஒண்ணே அதைச் செய்யலாம், டோஸ் கூடக் கூட இன்னும் செய்யலாம். வயசானவங்களுக்குக் கிட்னி மெதுவா வேலை செய்யும், மருந்து உடம்புலயே தேங்கிடும். அதுமேல வாந்தி மாத்திரை, சளி மாத்திரை. அவருக்குக் குடுத்த ரெண்டுமே அதே வேலையைச் செய்யற வகை. நீர் மாத்திரை பொட்டாசியத்தை வெளிய தள்ளிடும். எல்லாம் சேர்ந்தா துடிப்பு தாறுமாறா ஓட ஆரம்பிக்கும். அந்தத் தாறுமாறு தானா நின்னுட்டா மயக்கத்தோட போச்சு. நிக்கலைன்னா உயிர் போயிடும்."

"அப்ப அந்த உப்புக் கஞ்சி?"

"மயக்கம் தெளிஞ்சது தானா தெளிஞ்சது பாய். அவருக்குக் குறைஞ்சிருந்தா அது பொட்டாசியமா இருக்கும். சமையல் உப்பு குடிச்சா அது ஏறாது. பிரஷர்தான் ஏறும்."

ஏறிய பிரஷருக்காக நீர் மாத்திரையைக் கூட்டியதும், அது இன்னும் பொட்டாசியத்தைத் தள்ளியிருக்கும் என்பதும் எனக்கு அங்கேயே உறைத்தது. டாக்டரம்மா நேர்மையானவர். "அவருக்கு இதுதான் நடந்ததுன்னு இப்ப யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது. வலி மாத்திரையே தப்புன்னும் நான் சொல்ல மாட்டேன், சிலருக்கு அது வேணும். ஆனா முதல் மயக்கத்து அன்னிக்கே ஒரு ஈசிஜியும் ஒரு ரத்தப் பரிசோதனையும் பண்ணியிருக்கணும்" என்றார். உறுதியாகச் சொல்ல முடியாதாம். ஏன் முடியாது? பார்க்க வேண்டிய நேரத்தில் யாரும் பார்க்கவில்லை, அதனால் முடியாது. பார்க்காமல் விட்டவர்களுக்கு அந்தப் பார்க்காததே பாதுகாப்பாகிவிட்டது. அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது பக்கத்து சீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு சீட்டுக்குப் போய் உட்கார்ந்தார்.

காரியத்தன்று மரக்காணம் போனேன். படையலுக்கு முன்னால் அண்ணனின் மனைவி பூங்காவனம் அண்ணி என்னைத் தனியே கூப்பிட்டார். கையில் அண்ணன் விட்டுப்போன மாத்திரை அட்டைகள். அந்தத் தெருவில் மருந்தை யாரும் எறிவதில்லை. செத்தவரின் வேட்டி சட்டையைக் கொடுப்பதுபோல, மீந்த மாத்திரையையும் அதே வலி உள்ளவருக்குக் கொடுத்துவிடுவார்கள். "பாய், உங்களுக்கும் முட்டி வலின்னு அவரு சொல்லுவாரு. எடுத்துட்டுப் போங்க. வீணாப் போவக் கூடாது" என்றார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அடுத்து அவர் இதைச் சொன்னார்.

"பாதியை எனக்குன்னு எடுத்து வெச்சிருக்கிறேன். தினம் ஒண்ணு போடறேன். அவருதான் பழக்கினாரு. பூங்காவனம், நான் மட்டும் நிம்மதியா நடக்கிறேன், நீ முட்டியைப் புடிச்சிக்கினு நிக்கிற, இந்தா நீயும் ஒண்ணு போடுன்னு. குமட்டல் வந்தா அவரு வாந்தி மாத்திரையும் போட்டுக்குவேன்."

அண்ணியும் பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர். துக்கத்தில் சரியாகச் சாப்பிட்டுப் பல நாள். இதையெல்லாம் நான் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, படையலுக்கு இலை போடப் போனவர் சுவரைத் தடவினார், சரிந்தார். பெண்கள் ஓடினார்கள். "உப்பு இறங்கிடுச்சு, கஞ்சி கொண்டாங்கடி!" யாரோ சொம்பை நீட்டினார்கள். நான் போட்ட சத்தத்தில் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார்.

"உப்பு வேணாம்! யாரும் ஒண்ணும் குடுக்காதீங்க! முருகா, காரை எடு!"

அண்ணி அதற்குள் கண் திறந்துவிட்டார். முருகன் தயங்கினான். "மாமா, காரியம் பாதியில நிக்குது. அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல, கஞ்சி குடிச்சா எழுந்துடுவாங்க."

"டேய், உங்கப்பனும் எழுந்தாரு. டீக்கடையில எழுந்தாரு, வீட்ல எழுந்தாரு. அன்னிக்குக் காலையில எழுந்தாரா?"

இழவு வீட்டில் பேசக்கூடாத பேச்சுதான். அதற்காக நான் வருத்தப்படவில்லை. மொட்டை போட்ட தலையோடு அவன் போய்க் காரை எடுத்து வந்தான். உறவினர்கள் வழியை மறித்து முணுமுணுத்தார்கள். காரியத்தைப் பாதியில் விட்டால் போன ஆத்மாவுக்கு ஆகாது என்றார் ஒரு பெரியவர். "போன ஆத்மாவை அப்புறம் நான் பாத்துக்கிறேன், இருக்கிற ஆத்மாவுக்கு வழி விடுங்க" என்றேன்.

பாண்டி ஆஸ்பத்திரியில் ஈசிஜி காகிதம் மெஷினிலிருந்து வெளியே வந்தபோதே டாக்டரம்மா அண்ணியை வார்டில் சேர்க்கச் சொல்லிவிட்டார். அடுத்த துடிப்புக்கு இதயம் தயாராகிற அந்த நேரம் நீண்டு கிடந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் தரையைத் தட்டியிருந்தது. கண்காணிப்பு மெஷினில் படுக்க வைத்துப் பொட்டாசியத்தை ஏற்றினார்கள். வாந்தி மாத்திரையை அன்றே நிறுத்தினார்கள். வலி மாத்திரையை அவர்கள் பார்வையிலேயே குறைத்து விலக்கினார்கள். "தினம் சாப்பிட்டுப் பழகினவங்க வீட்ல தானா டப்புன்னு நிறுத்தவும் கூடாது பாய், அதையும் உங்க ஆளுங்ககிட்டச் சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன். முட்டிக்கு வேறு வைத்தியம் நடக்கிறது. வலி முழுக்கப் போகவில்லை, குறைந்திருக்கிறது. அண்ணி உயிரோடு இருக்கிறார்.

டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் அண்ணனின் மாத்திரை அட்டையையும் அண்ணியின் ஈசிஜி நகலையும் எடுத்துக்கொண்டு அந்த வலி கிளினிக்குக்குப் போனேன். இம்முறை செருப்போடு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். "இந்தம்மா என் பேஷன்ட்டே இல்லையே?" என்றார். அண்ணனைப் பற்றிச் சொன்னேன். "எழுபது வயசு ஆளுக்கு இதயம் நிக்க ஆயிரம் காரணம் இருக்கும். நீங்க யாரு?" என்று கேட்டார். அவருடைய கண்டக்டர் என்றேன். சிரித்தார். "சரி, நீங்க டிக்கெட் கொடுக்கிற வேலையைப் பாருங்க. மருந்து கொடுக்கிறதை நாங்க பாத்துக்கிறோம்."

"எங்க போறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்காம நான் யாருக்கும் டிக்கெட் கிழிச்சதில்லை சார். வேற இன்னா மாத்திரை சாப்பிடறீங்கன்னு அவரை நீங்க ஒரு தடவை கேட்டீங்களா?"

அவர் வெட்கப்பட்டார், தலைகுனிந்தார் என்றெல்லாம் எழுத எனக்கு ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மணியை அடித்தார். கையில் தடியோடு ஒரு முதியவர் உள்ளே வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்.

மவுத் என்றைக்கு வரும் என்பது இறைவன் கையில் என்று நம்புகிறவன் நான். அதற்காக பிரேக் பார்க்காத வண்டியை ரோட்டுக்கு அனுப்பிவிட்டு, விபத்து நடந்ததும் விதி என்று சொல்ல முடியுமா? வருஷா வருஷம் பஸ்ஸை நிறுத்தி, விளக்கு எரிகிறதா, டயர் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் எஃப்சி என்ற தகுதிச் சான்று கொடுக்கிறார்கள். அந்தப் பஸ்ஸை வாழ்நாள் எல்லாம் ஓட்டியவரின் நெஞ்சில் ஒரு நிமிடம் ஒயர் ஒட்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. வயசாச்சு என்ற ஒரு சொல்லைப் போட்டு மூடிவிட்டார்கள். நாமும் நல்ல சாவு என்று சொல்லி அதன்மேல் மண்ணைத் தள்ளிவிட்டோம். நண்பர்களே, தயவுசெய்து இனி அப்படிச் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டில் வயதானவர் வலிக்கு இப்படி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு தலை சுற்றுகிறது, மயக்கம் வருகிறது என்று சொன்னால், உப்பைக் கரைத்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஈசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அண்ணனுடையது என்று என்னிடம் இருப்பவை அதிகமில்லை. சத்தம் வந்தால் நின்று பார்க்க வேண்டும் என்ற அந்த வார்த்தை இருக்கிறது. அண்ணி கொடுத்த மாத்திரை அட்டைகள் இருக்கின்றன, யாருக்கும் தரமாட்டேன். போன வாரம் அண்ணி போன் செய்தார். "அவரு ஃபோட்டோவுக்கு முன்னாடியாவது வந்து ஊதிட்டுப் போங்க பாய். கிளம்பாம நிக்கிற மாதிரியே இருக்குது எனக்கு" என்றார். அந்தக் கிளினிக் வாசலில் செருப்புகள் இன்னும் வரிசையாகத்தான் கிடக்கின்றன. விசில் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது, தினமும் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். அண்ணே, கொஞ்சம் பொறுங்கள். வண்டியில் இன்னும் சத்தம் வருகிறது. அது நிற்கிற வரைக்கும் நான் டபுள் விசில் கொடுக்கமாட்டேன்.